வீட்டுக்குள் வந்த வெள்ளச் சேற்றை இடுப்பு ஒடியாமல் வெளியேற்றுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐப்பசி, கார்த்திகை வந்தால் கெடிலமும் தென்பெண்ணையும் எந்தப் பக்கம் திரும்பும் என்று கடலூரில் யாருக்கும் தெரியாது. 2024 நவம்பர் 30 அன்று இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் சுமார் 48 செ.மீ. மழை கொட்டியது. அது ஓய்வதற்குள் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் தென்பெண்ணை வழியாக வந்து சேர்ந்தது. தண்ணீர் போய்விடும், சேறு போகாது. பள்ளியில் இயற்பியல் நடத்துபவன் என்பதால் தெருக்காரர்களும் பழைய மாணவர்களும் என்னிடம் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் இந்தச் சேற்றைப் பற்றித்தான். அவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன்.

"சேறுன்னா சேறுதானே சார், அதுல என்ன வகை?"

வகை உண்டு, வேலையே அதை வைத்துத்தான். ஒரு கண்ணாடி பாட்டிலில் கால் பங்கு சேற்றைப் போட்டு, மீதிக்குத் தண்ணீர் ஊற்றி, நன்றாகக் குலுக்கி வையுங்கள். சில விநாடிகளில் அடியில் படிவது மணல். அதற்குமேல் பத்து நிமிடம், அரை மணி நேரத்தில் படிவது வண்டல். அடுத்த நாள் பார்த்தாலும் தண்ணீர் காபி நிறத்திலேயே இருந்தால் அது களி.

படியும் வேகம் துகளின் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. துகளின் விட்டம் பத்தில் ஒரு பங்காகச் சிறுத்தால், படிய நூறு மடங்கு நேரம் ஆகும். ஓர் அடி ஆழத் தண்ணீரில் 0.02 மி.மீ. வண்டல் துகள் அடியைத் தொடப் பத்துப் பதினைந்து நிமிடம். 0.002 மி.மீ. களித் துகளுக்கு முக்கால் நாள் வேண்டும். உப்பங்கழித் தண்ணீர் கலந்த இடங்களில் இது கொஞ்சம் மாறும். உப்பு களித் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைப்பதால் அங்கே சீக்கிரமே படிந்துவிடும்.

"தண்ணி முழுசா வடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்னு வீட்ல சொல்றாங்க. சரியா?"

மெயின் சுவிட்சை அணைத்து, கரண்ட் இல்லை என்று உறுதியாகும்வரை உள்ளே கால் வைக்கக்கூடாது. அந்த அளவில் வீட்டில் சொல்வது சரி. அதற்கு மேல் காத்திருப்பது வீண்.

வடிகிற தண்ணீர் சம்பளம் வாங்காத கூலியாள். கணுக்கால் அளவுக்கு வந்ததும் உள் அறையிலிருந்து வாசலை நோக்கித் துடைப்பத்தால் கலக்கிக்கொண்டே வாருங்கள். முன் கேள்வியில் சொன்ன கணக்குப்படி, கணுக்கால் ஆழத்தில் கலக்கிவிட்ட நுண் வண்டல் மறுபடி படிய மூன்று, நான்கு நிமிடமாவது ஆகும். அதற்குள் தண்ணீர் அதை வாசல் தாண்டிக் கொண்டுபோய்விடும். தண்ணீர் போனபிறகு அதே சேற்றை நீங்கள்தான் சுமக்க வேண்டும்.

தெருவில் வீட்டைவிட அதிகமாகத் தண்ணீர் நின்றால் இந்த வேலை பலிக்காது. அப்போது காத்திருக்கத்தான் வேண்டும்.

"ஒரு ரூம்ல ரெண்டு இன்ச்சுதான் நிக்குது. நான் ஒருத்தனே அள்ளிடலாமா?"

பத்துக்குப் பத்து அறையில் இரண்டு அங்குலம் என்றால் அரை கன மீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஈரச் சேறு ஒரு கன மீட்டர் சுமார் 1,700 கிலோ. ஆக அந்த அறையில் கிடப்பது 800 கிலோ. சட்டிக்கு 15 கிலோ வைத்தாலும் ஐம்பது நடைக்கு மேல். பார்வைக்கு இரண்டு அங்குலம்தான், ஆனால் அது ஒரு சின்ன காரின் எடை.

ஒரே ஆளாக, ஒரே மூச்சில் வேண்டாம். ஐம்பது வயதைத் தாண்டியவர்களும் இதயக் கோளாறு உள்ளவர்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பாரம் தூக்கவே கூடாது. மூச்சை அடக்கி முக்கும்போது ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும்.

"வேலை = விசை × தூரம்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க. அந்தக் கணக்குப்படி இது பெரிய வேலையா?"

கேட்டவன் பழைய மாணவன், மடக்கத்தான் கேட்டான். கணக்கைப் போட்டுவிடுவோம். 800 கிலோவை ஒரு மீட்டர் உயரம் தூக்க 7,840 ஜூல். உணவுக் கணக்கில் இரண்டு கலோரி கூட இல்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் சேற்றை மட்டும் தூக்குவதில்லை, குனிந்து நிமிரும் உங்கள் மேல் உடம்பையும் சேர்த்தே தூக்குகிறீர்கள். 65 கிலோ ஆளுக்கு அது ஏறக்குறைய 40 கிலோ. அது 40 செ.மீ. ஏறி இறங்கினால் 157 ஜூல். மண்வெட்டியில் இருக்கும் 5 கிலோ சேற்றுக்கு 49 ஜூல்தான். சேற்றைப்போல மூன்று மடங்கு உழைப்பு உங்களையே தூக்குவதற்குப் போகிறது.

தசை உண்ணும் ஆற்றலில் நாலில், ஐந்தில் ஒரு பங்குதான் வேலையாக மாறும் என்பதையும் சேர்த்துக்கொண்டால்கூட மொத்தம் 40 கலோரிக்குள்தான், ஒரு இட்லிக் கணக்கு. அப்படியானால் ஏன் சாயங்காலம் எழுந்திருக்க முடியவில்லை? தூக்கிப் பிடித்தபடி நிற்கும் ஒவ்வொரு விநாடியும் தசை ஆற்றலைச் செலவழிக்கிறது. பாரம் நகரவில்லை என்பதால் இயற்பியல் அதை 'வேலை'யில் சேர்ப்பதில்லை. அதைவிட முக்கியம், அடி முதுகில் விழும் விசை. முதுகுத்தண்டை நிமிர்த்தும் தசை முதுகெலும்பின் மையத்திலிருந்து சுமார் 5 செ.மீ. தள்ளித்தான் இழுக்கிறது. மண்வெட்டியோடு சேர்த்து 7 கிலோவை 60 செ.மீ. தள்ளிப் பிடித்தால் அந்தத் தசை பன்னிரண்டு மடங்கு, அதாவது 84 கிலோவுக்கு இழுக்க வேண்டும். உடம்பின் எடைக்கான இழுப்பு இது போகத் தனி. பாரத்தை 30 செ.மீ.க்குக் கொண்டுவந்தால் இந்த 84 பாதியாகிவிடும்.

கீழே சொல்லப்போகும் எல்லா உத்திகளும் இந்த விசையைக் குறைக்கத்தான். ஆற்றல் கொஞ்சம் கூடப் போனாலும் பரவாயில்லை.

"மண்வெட்டி நல்லதா, ஷவல் நல்லதா, வைப்பர் போதுமா?"

எதையும் தூக்காமல் தள்ளுவதுதான் நல்லது. இளகிய சேறு என்றால் நீளக் கம்பு போட்ட ரப்பர் வைப்பர், கொஞ்சம் கெட்டி என்றால் பலகை. மண்வெட்டி கடைசி. அது குனியவைக்கும் கருவி, வெட்டுவதற்கென்றே செய்தது.

பாகூர்ப் பக்கம் நடவுக்கு முன் பரம்படிப்பதை, அதாவது பலகையை இழுத்து வயலைச் சமன்படுத்துவதைப் பார்த்திருப்பீர்கள். அதே வேலையைக் கூடத்தில் செய்யலாம். மூன்றடிப் பலகை ஒன்றின் இரண்டு முனையிலும் கயிறு கட்டி, இரண்டு பேர் நிமிர்ந்து நின்று வாசலை நோக்கி இழுக்க, மூன்றாவது ஆள் பலகையை ஒரு கம்பால் அழுத்திப் பிடித்தால் போதும். யாரும் குனிய வேண்டாம். முன் கேள்வியில் பார்த்த 157 ஜூல் மிச்சம், முதுகும் மிச்சம். மரக்காணம் உப்பளத்தில் உப்பை இழுத்துச் சேர்ப்பவர்கள் கையில் இருப்பதும் நீளக் கம்பில் பொருத்திய பலகைதான்.

தள்ளும்போது பலகையை நேராக வைக்காமல் சற்றுச் சாய்வாக வையுங்கள். முன்னால் குவியாமல் ஒரு பக்கமாக வழிந்து ஒதுங்கும். நேராக வைத்தால் நாலு அடி போவதற்குள் பலகையின் முன்னால் ஒரு மேடே சேர்ந்து வழியை அடைத்துக்கொள்ளும்.

"தூக்கித்தான் ஆகணும்னா, கம்பை எங்க புடிக்கணும்?"

பலர் இரண்டு கையையும் கம்பின் மேல் முனையில் சேர்த்துப் பிடிக்கிறார்கள். பின் கையிலிருந்து சேறு 90 செ.மீ. தள்ளி இருக்கிறது, சேறு 5 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். முன் கை 30 செ.மீ. தள்ளி இருந்தால் அது 15 கிலோவைத் தாங்க வேண்டும், பின் கை 10 கிலோவுக்குக் கீழே அழுத்த வேண்டும். முன் கையை 60 செ.மீ.க்கு இறக்கினால் முன் கைக்கு ஏழரை, பின் கைக்கு இரண்டரை. சேறு அதேதான், கை மட்டும் நகர்ந்திருக்கிறது.

முன் கையை இறக்கக் குனியாதீர்கள், முட்டியை மடக்குங்கள். கம்பு குட்டையாக இருந்தால் மூங்கில் ஒன்றை வைத்துக் கட்டி நீட்டிக்கொள்ளலாம்.

"மண்வெட்டிய உள்ள வுட்டா வரவே மாட்டேங்குது. செருப்பும் அப்படியே புடுங்கிக்குது. ஏன்?"

காற்று உள்ளே போக வழியில்லை. நீங்கள் மேலே இழுத்ததும் தகட்டுக்கு அடியில் வெற்றிடம் மாதிரி ஒன்று உருவாகப் பார்க்கிறது, மேலே இருக்கும் வளிமண்டலம் அழுத்துகிறது. 25-க்கு 30 செ.மீ. தகடு என்றால் முழு வளிமண்டல அழுத்தம் 750 கிலோவுக்கு மேல் வரும். அவ்வளவும் விழாது, பத்தில் ஒரு பங்கு விழுந்தாலே ஆளைச் சாய்த்துவிடும்.

நேராக இழுக்காதீர்கள். ஒரு பக்கமாகச் சாய்த்து ஆட்டினால் ஓரமாகக் காற்றும் தண்ணீரும் புகுந்து பிடி விடும். காலுக்கும் அதேதான்: குதிகாலை முதலில் திருகி எடுங்கள், பிறகு முன்பாதம். பழைய ஷவலில் நாலைந்து ஓட்டை போட்டு வைத்திருப்பவர்கள் உண்டு, காரணம் இதுதான். வழவழப்பாக்கத் தகட்டில் கொஞ்சம் எண்ணெய் தடவினால் சேறு ஒட்டாமல் சரிந்து விழும். வண்டியில் ஊற்றிக் கழித்த பழைய ஆயில் வேண்டாம், அது வாய்க்காலுக்குத்தான் போகும். சமையல் எண்ணெயே போதும்.

"ரெண்டு நாளா ஊர்ல இல்ல. வந்து பாத்தா களி மாதிரி இறுகிக் கெடக்கு. இப்ப என்ன பண்றது?"

களிச்சேறு சும்மா கிடந்தால் இறுகும், கலக்கினால் இளகும். துகள்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு ஒரு சட்டகம் போல நிற்கின்றன. கலக்கும்போது அந்தச் சட்டகம் உடைகிறது. அதனால் கெட்டியாகத் தெரிவதை அப்படியே வெட்டி எடுக்காமல், தண்ணீர் தெளித்து அரை மணி நேரம் ஊறவிட்டு, குச்சித் துடைப்பத்தால் அடித்துக் கலக்குங்கள். பிறகு உடனே தள்ளுங்கள். டீ குடித்துவிட்டு வந்தால் மறுபடி இறுக ஆரம்பித்திருக்கும்.

"தண்ணி ஊத்தினா எடை கூடுமே சார். கூடுதல் பாரத்த நாமே ஏத்திக்கிறதா?"

நல்ல கேள்வி. தூக்குவதாக இருந்தால் அது நஷ்டம்தான். தள்ளுவதாக இருந்தால் லாபம். சேறு ஒரு குறிப்பிட்ட அளவு விசை வரும்வரை அசையவே அசையாது, அதைத் தாண்டினால்தான் வழியும். அந்த எல்லை தண்ணீரின் அளவைப் பொறுத்துச் செங்குத்தாக இறங்கும். எடை பத்து சதவீதம் கூடும், தள்ளத் தேவைப்படும் விசையோ அதைவிடப் பல மடங்கு குறைந்துவிடும்.

அதனால் விதி இப்படி: வாசல் வழியாகத் தள்ள வழி இருந்தால் தண்ணீர் சேருங்கள். சட்டியில் சுமந்து படி இறங்க வேண்டிய வீடு என்றால் தண்ணீர் சேர்க்காதீர்கள்.

"எங்க வீடு தேவனாம்பட்டினம் பீச்சோரம். எங்களுக்கு வந்தது சேறில்ல, மணல். இதெல்லாம் பொருந்துமா?"

பாதிதான் பொருந்தும், மீதி நேர் எதிர். மணல் மூன்று நிலையில் மூன்று விதமாக நடந்துகொள்ளும். காய்ந்தால் தானாகச் சரியும். தண்ணீரில் முழுக்க ஊறினால் ஓடும். நடுவே, லேசான ஈரத்தில் இருக்கும்போதுதான் விடாப்பிடியாக நிற்கும். துகள்களுக்கு இடையே இருக்கும் துளித் தண்ணீர் அவற்றை ஒன்றாக இழுத்துப் பிடிக்கிறது. கடற்கரையில் பிள்ளைகள் கோபுரம் கட்டுவதும் அந்த ஈரத்தில்தான்.

ஆகவே மணலுக்கு அவசரம் வேண்டாம். ஜன்னலைத் திறந்துவிட்டு, மேல் பகுதி காயக் காய வாரி எடுங்கள். ஈரம் போனால் எடையும் குறையும். களிச்சேற்றை இப்படிக் காயவிட்டால் சொரசொரப்பான சிமெண்ட் தரையில் பிடித்துக்கொண்டு, பிறகு உளி வைத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

"பைப் வாயை விரலால அடைச்சா பிரஷர் ஏறுது. அப்போ தண்ணி அதிகமா வருதுன்னுதானே அர்த்தம்?"

தண்ணீர் குறைவாகத்தான் வருகிறது, வேகம்தான் கூடுகிறது. மொட்டை மாடித் தொட்டியின் நீர்மட்டம் தரையிலிருந்து 4 மீட்டர் என்றால், அந்த உயரம் தரக்கூடிய அதிகபட்ச வேகம் விநாடிக்கு சுமார் 9 மீட்டர். நீளமான அரை அங்குலக் குழாயில் அதில் பெரும்பகுதி உள்சுவர் உராய்விலேயே போய்விடும், வெளியே வருவது 2 மீட்டர் கூட இருக்காது. விரலால் அடைக்கும்போது குழாய்க்குள் ஓட்டம் மெதுவாகிறது, உராய்வு குறைகிறது, மிச்சமான அழுத்தம் வாயில் வேகமாக மாறுகிறது. எவ்வளவு அடைத்தாலும் அந்த 9 மீட்டரைத் தாண்டாது.

சேற்றில் மோதும் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 2 மீட்டர் 9 ஆனால் இருபது மடங்கு. மூலையில் ஒட்டியதைப் பெயர்க்க விரலை வையுங்கள். பெயர்ந்ததை வாசலுக்குக் கொண்டுபோக விரலை எடுத்துவிடுங்கள், அங்கே வேண்டியது தண்ணீரின் அளவு. பீய்ச்சும்போது தரையோடு தரையாகச் சாய்த்துப் பீய்ச்சுங்கள். செங்குத்தாக அடித்தால் சேறு உங்கள் சட்டையில்தான் இருக்கும்.

"வீட்டு மோட்டாரை வச்சு உறிஞ்சிட முடியாதா?"

முடியாது. மணல் துகள் உள்ளே சுழலும் சக்கரத்தை அரித்துவிடும். கெட்டிச் சேறு உறிஞ்சு குழாய்க்குள் ஏறவும் ஏறாது. இதற்கென்று இருக்கும் மட் பம்ப் வாடகைக்குக் கிடைத்தால் எடுங்கள். அதற்கும் சேறு கஞ்சிப் பதத்துக்கு இளகியிருக்க வேண்டும்.

"வெளிய தூக்கி வீசிட்டா நடக்குற வேலை மிச்சம்தானே?"

மூன்று மீட்டர் தூரம் வீச, சேறு விநாடிக்கு ஐந்தரை மீட்டர் வேகத்தில் கிளம்ப வேண்டும். கிலோவுக்குக் கிட்டத்தட்ட 15 ஜூல். ஒரு மீட்டர் தூக்குவதற்கு 10 ஜூல்கூட இல்லை. அதோடு மண்வெட்டியையும் கையையும் சேர்த்து வேகப்படுத்தி, உடனே நிறுத்தவும் வேண்டும். உடம்பைத் திருப்பி வீசுவது முதுகுக்கு ஆகவே ஆகாது. நாலு பேர் இருந்தால் வரிசையாக நின்று சட்டியைக் கைமாற்றுங்கள். கான்கிரீட் போடும்போது அப்படித்தானே செய்கிறோம்.

"மகன் கனடாவுல இருக்கான். அங்க பனி அள்ளி அள்ளி முதுகு போச்சுங்கிறான். அவனுக்கும் இத அனுப்பலாமா?"

அனுப்புங்கள். அங்கேயும் தள்ளுவதுதான் தூக்குவதைவிட நல்லது. பலகையைச் சாய்த்து வைப்பது, தகட்டில் எண்ணெயோ மெழுகோ தடவுவது, கை பிடிக்கும் இடம், எல்லாம் அப்படியே பொருந்தும். புதிதாக விழுந்த பனி கன மீட்டருக்கு 50 முதல் 100 கிலோதான், பஞ்சு மாதிரி. கிடக்கக் கிடக்க அமுங்கி 300 கிலோவுக்குப் போகும். அதனால் ஓர் அடி சேரும்வரை காத்திருக்காமல், பெய்யும்போதே இடையில் ஒரு தரம் தள்ளிவிடச் சொல்லுங்கள். மொத்த எடை குறையாது, ஒவ்வொரு தள்ளுக்கும் வேண்டிய விசை குறையும்.

குளிரில் ரத்தக்குழாய்கள் சுருங்கும். அந்த நேரத்தில் மூச்சைப் பிடித்துப் பாரம் தூக்குவதால் அங்கே மாரடைப்பு வருவது உண்டு. மூன்றாவது கேள்வியில் சொன்ன எச்சரிக்கை அவனுக்கு இரண்டு மடங்கு.

"வெந்நீர் ஊத்தி உருக்கிடலாமே? இல்லன்னா உப்பு?"

வெந்நீர் கணக்கைப் பாருங்கள். ஒரு கிலோ பனியை உருக்க 334 கிலோஜூல் வேண்டும். 80 டிகிரி வெந்நீர் ஒரு கிலோ 0 டிகிரிக்கு ஆறும்போது விடுவதும் சரியாக அவ்வளவுதான். அதாவது கிலோவுக்குக் கிலோ. வாசல் 50 சதுர மீட்டர், அதில் 20 செ.மீ. புதுப் பனி என்றால் ஒரு டன். ஒரு டன் வெந்நீர் எங்கே போவது? மின்சாரத்தில் உருக்கினால் 93 யூனிட். அதோடு, ஊற்றிய தண்ணீர் ராத்திரி கண்ணாடி மாதிரி உறைந்து ஆளை வழுக்கிவிடும்.

உப்பு வேறு கதை. அது வெப்பம் கொடுப்பதில்லை, உறைநிலையை இறக்குகிறது. சாதாரண உப்பு –9, –10 டிகிரி வரை நன்றாக வேலை செய்யும், அதற்குக் கீழே மந்தம். முதலில் பனியைத் தள்ளிவிட்டு, மிஞ்சிய மெல்லிய படலத்தின் மேல் தூவ வேண்டும். ஒரு அடிப் பனியின் மேல் கொட்டினால் உப்புதான் வீண்.

"தரை சுத்தமாயிடுச்சு. சுவர் காய ஃபேன் போட்டு வுட்டா போதுமா?"

கதவை மூடிக்கொண்டு போட்டால் போதாது. மழைக்காலத்தில் நம் கடற்கரைக் காற்றே ஈரம் நிறைந்தது, அறைக்குள் சுற்றும் காற்று சீக்கிரம் நிறைந்துவிடும். வெயில் எட்டிப்பார்க்கும் நேரத்தில் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து, ஒன்றில் ஃபேனை வெளியே பார்த்து வையுங்கள். மின் இணைப்பை எலக்ட்ரீஷியன் பார்த்த பிறகுதான். செங்கல் உறிஞ்சிய தண்ணீர் வெளியே வர வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் பெயிண்ட் அடித்தால் உப்புப் பூத்து உரிந்து வரும்.

"அள்ளினத காம்பவுண்டு சுவரோரமா குவிச்சு வச்சிருக்கோம். ஒண்ணும் ஆகாதே?"

ஆகும். இளகிய சேறு மணல்போலக் குவிந்து நிற்காது, தண்ணீரைப்போலப் பக்கவாட்டில் அழுத்தும். ஒரு மீட்டர் உயரத்துக்குச் சேர்ந்தால், சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் 850 கிலோ எடைக்குச் சமமான விசை வெளிப்பக்கமாகத் தள்ளும். நாலரை அங்குலச் சுவர், அதுவும் அஸ்திவாரம் ஊறிப்போன நிலையில், அதைத் தாங்கும் என்று நம்ப முடியாது. உயரம் பாதியானால் விசை நாலில் ஒன்றாகக் குறையும். அதனால் சுவரிலிருந்து நாலடி தள்ளி, முழங்கால் உயரத்துக்கு மேல் போகாமல் பரப்பி விடுங்கள். சுற்றிலும் மணல் மூட்டை அடுக்கினால் தெருவுக்கும் வாய்க்காலுக்கும் வழியாது. சுவருக்கு அந்தப் பக்கம் நடைபாதை இருந்தால், மாற்றி முடிக்கும்வரை அங்கே யாரும் நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.